எந்த மார்க்கோ போலோவை வாங்குவது?

மார்க்கோ போலோவின் பயணநூலை வாங்க முனையும் வாசகர், பெரும்பாலும் அட்டையில் நிற்கும் ஒட்டகங்களின் கம்பீரத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார். உள்ளே இருப்பது எந்த மார்க்கோ போலோ என்று அவர் கேட்பதில்லை, பதிப்பாளரும் வலியச் சென்று சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வியோ அது ஒன்றுதான்.

1298இல் ஜெனோவா நகரச் சிறையில் அந்த வெனிஸ் வணிகர் சொல்லச் சொல்ல, உடன் அடைபட்டிருந்த பீசா நகரத்து ருஸ்டிச்செல்லோ என்பவர், இத்தாலியச் சாயல் படிந்த பிரெஞ்சில் நூலை எழுதினார். அவருடையது அதற்கு முன் ஆர்தர் மன்னன் கதைகளை எழுதிப் பழகிய கை. ஆகவே மங்கோலியர் எங்கே யாரோடு பொருதாலும் அதே முரசு, அதே அம்புமழை, அதே பிணக்குவியல் என்று போர்கள் சிக்கனமாக நடந்து முடிகின்றன. அவர் எழுதிய மூலப்படி தொலைந்துவிட்டது. எஞ்சியுள்ள ஏறத்தாழ 140 கையெழுத்துப் படிகளில் முழுதும் ஒத்துப்போகும் இரண்டைக் காண்பது அரிது. பாடபேதம், அதாவது ஒரு நூலின் படிகளுக்கிடையே சொல்லும் தொடரும் மாறி நிற்பது, ஏட்டுச்சுவடிகளோடு மாரடித்தவர்களுக்குப் புதிதன்று. ஆனால் இங்கே அத்தியாயங்களே வருவதும் போவதுமாக இருக்கின்றன.

மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் நிதியமைச்சர் அகமது, 1282இல் சதிகாரர்களால் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். சீன அரச வரலாறும் உறுதிசெய்யும் இந்தக் கொலை, மிகப் பழைமையானதாகக் கருதப்படும் பிரெஞ்சுப் படியில் இல்லை. 1559இல் வெளிவந்த ராமூசியோவின் இத்தாலியப் பதிப்பில் விரிவாக இருக்கிறது. எனவே பழைய படியை மட்டுமே நம்பி மொழிபெயர்த்தவரின் நூலில் அமைச்சருக்கு ஆயுள் கெட்டி. பிப்பினோ என்ற டொமினிக்கத் துறவியின் லத்தீன் மொழிபெயர்ப்பிலோ, பிற சமயங்களைப் பற்றிய வசைகள் துறவியின் சொந்தச் செலவில் சேர்க்கப்பட்டுள்ளன. கொலம்பஸ் ஓரக்குறிப்பு எழுதிப் படித்தது அந்த லத்தீன் நூலைத்தான் என்பதை நினைத்தால், அவர் வழி தவறியதற்கு அவரை மட்டும் குறைசொல்ல மனம் வருவதில்லை.

ஆங்கிலத்தில் கிடைப்பவற்றுள் ஹென்றி யூலின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தனி இனம். அதில் மார்க்கோ போலோ அரைப்பக்கம் பேசினால் அடிக்குறிப்பில் யூல் மூன்று பக்கம் பேசுகிறார். எனினும் அந்தப் பேச்சு வீண்பேச்சன்று. பாண்டியர் துறைமுகமான காயலுக்கு ஓர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்ததை மூலம் சொல்ல, அந்தக் காயல் தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழைய காயலே என்பதைக் கால்டுவெல்லின் ஆய்வைக் கொண்டு யூலின் குறிப்பு நிறுவுகிறது. மூல், பெல்லியோ ஆகிய இருவரின் 1938ஆம் ஆண்டுப் பதிப்பு, பல படிகளையும் ஒன்றாகக் கோத்து, பிற படிகளிலிருந்து வந்தவற்றைச் சாய்வெழுத்தில் அச்சிட்டு, எது எங்கிருந்து வந்தது என்பதை ஓரத்துக் குறியெழுத்துகளால் காட்டுகிறது. அறிஞருக்கு இது அமுதம். இரவில் படுத்துக்கொண்டு படிப்பவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே உறக்கம் நிச்சயம். பெல்லியோ விட்டுச்சென்ற விளக்கக் குறிப்புகளில் பருத்தி என்ற ஒரு தலைப்புக்கு மட்டும் சுமார் 100 பக்கங்கள் உள்ளன என்பதைத் துணிவுள்ளவர்களுக்கு மட்டும் சொல்லிவைக்கலாம்.

தமிழ் வாசகருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கையில் எடுத்த நூலில் மாபார், அதாவது அராபியர் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயரால் வழங்கும் பகுதியைப் புரட்டினால், அந்நாட்டில் எல்லோரும் வெற்றுடம்போடு திரிவதால் தையற்காரர் என்ற தொழிலே இல்லை என்றும், அரசனான பாண்டியனும் இடையில் ஒரு துணியும் உடம்பெல்லாம் மணிகளுமாக இருக்கிறான் என்றும் வரும். இதற்குக் குறிப்பே இல்லாமல் கடந்துபோகும் பதிப்பு, படிப்பவரையும் மதிக்கவில்லை, பாண்டியனையும் மதிக்கவில்லை.

முதன்முறை படிப்பவருக்கு 1958இல் பெங்குயின் வெளியிட்ட ரொனால்டு லேதமின் மொழிபெயர்ப்பே போதும். பழைய பிரெஞ்சுப் படியின் நடையை உணர விரும்புவோர் ஷாரன் கினோஷிட்டாவின் 2016ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை நாடலாம். எந்தப் படியிலிருந்து பெயர்த்தது என்று முன்னுரையில் சொல்லாத நூலை, ஒட்டகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது. யூலின் பதிப்பு காப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.