தேயிலைச் சக்கை வாதம்

கிருஹஸ்தன் ஒருவன் தன் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வைப்பதற்குச் சாஸ்திரம் விதிக்கும் கிரியைகள் சொற்பமே: நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி தோண்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, நர்சரிக்காரர் வேரைச் சுற்றிப் பிடித்துக் கொடுத்த களிமண் உருண்டையைப் பக்குவமாக உதிர்த்து, ஒட்டுக் கட்டிய கணு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டுவிட்டால் காரியம் முடிந்தது. லௌகிகத்திலோ காரியம் அங்கேதான் ஆரம்பமாகிறது. அன்று மாலையே தேயிலைச் சக்கையை ஏந்திக்கொண்டு யாரேனும் ஒருவர் செடியண்டை தோன்றிவிடுகிறார்.

இச்சக்கை விஷயத்தில் நம் குடும்பங்கள் மூன்று சம்பிரதாயங்களாகப் பிரிந்து நிற்கின்றன. பாலும் சர்க்கரையும் கலந்த சக்கையை அப்படியே இடலாம் என்பது பூர்வ பக்ஷம். மாமியார்கள் பெரும்பாலும் இதைச் சார்ந்தவர்கள். சர்க்கரை எறும்பை அழைக்கும், எறும்பு மாவுப்பூச்சியைப் போஷிக்கும், ஆகையால் அலசி உலர்த்தியே இடவேண்டும் என்பது மருமகள்களின் சித்தாந்தம். சக்கையே மித்யை, முட்டை ஓடே சத்தியம் என்பவர் பென்ஷன் வாங்கும் மாமனார். அவர் சுத்த சைவராகவும் இருந்துவிட்டால், அந்தச் சத்தியத்தைத் தேடி அண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கவேண்டிய சங்கடம் நேர்கிறது.

இவற்றுள் எது மெய் என்பதற்குப் பிரத்யக்ஷப் பிரமாணம் எங்கள் தெருவிலேயே, மூன்று சம்பிரதாயத்தாரும் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் கிடைத்தது. அவ்வீட்டுச் செடியில் திடீரென்று ஒரு கொம்பு ஆளுயரத்துக்குத் தளதளவென்று கிளம்ப, மூவரும் அது தத்தம் உபாசனையின் பலன் என்றே பூரித்தனர். அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து புறப்பட்ட காட்டுக்கொம்பு என்பதையும், மேலே இருக்கும் நல்ல ரோஜாவின் ஆகாரத்தை அது அபகரித்துக்கொண்டிருந்தது என்பதையும், சமரசம் கருதி, நான் சொல்லவில்லை.

ஐப்பசியில், தெருக்கதவு தாழிடாத சமயம் பார்த்து உள்ளே நுழைந்த வெள்ளாடு ஒன்று, காட்டுக்கொம்பு, நாட்டுக்கொம்பு என்ற பேதம் பாராமல், செடியை முழங்காலளவுக்கு மேய்ந்துவிட்டுப் போயிற்று. அப்பருவத்தில் கவாத்து செய்த ரோஜா ஏறக்குறைய 45 நாளில் பூக்கும் என்பது தோட்டக்காரர் யாவரும் அறிந்த நியாயம்; மார்கழியில் பூத்தது. மூன்று சம்பிரதாயத்தாரும் அப்பூவைத் தத்தம் மதத்துக்கு ஆதாரமாக எடுத்தாண்டனர். ஆட்டின் பக்ஷத்தில் வாதிக்க ஒருவரும் முன்வரவில்லை; அதன் சொந்தக்காரர் மட்டும், முள் குத்திய வாய்க்கு வைத்தியம் பார்த்த செலவைக் கேட்டு வாசலில் வந்து நின்றார்.