இறக்கம் இல்லாத திட்டம்: வெள்ளியங்கிரி ஏற்பாடுகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரே நாளில் உயரமான மலை ஒன்றில் ஏறித் திரும்புவதற்கு நம்மவர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரையைக் கடைசிவரை படிக்கும் வழக்கம் ஆராய்ச்சியாளர்களிடமே இல்லை. நாம் போடும் மலைத் திட்டம் எதிலும் இறக்கம் கிடையாது. திட்டம் உச்சியோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஆண்டவன் விட்ட வழி.

ஆய்வுக் களம், கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் வெள்ளியங்கிரி. தென்கயிலை என்று பேர் பெற்றது. ஏழு மலை தாண்டினால் உச்சியில் சுயம்புவாக ஈசன். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை ஏற அனுமதிக்கும். மற்ற மாதங்களில் காடு யானைக்கும் மழைக்கும் உரியது. ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஏற்றம் 4,000 அடி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பர்வதமலை, சதுரகிரி அன்பர்கள் தங்கள் மலை விடுபட்டதே என்று கோபிக்க வேண்டாம். முட்டி எல்லா மலைக்கும் ஒன்றுதான்.

முன்னோர் நூல்களை முதலில் பார்ப்போம். இத்துறையின் ஆதி சூத்திரம் 1892-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தது. வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஒரே நாளில் சில சிகரங்களில் ஏறிவிட்டு வந்து, அந்நாட்டு மலையேறுவோர் மன்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேற்கொண்டு ஒரு மணி நேரம். அவ்வளவுதான் சூத்திரம். அன்று அவர் நடந்தது 10 மைல், ஏறியது 6,300 அடி, ஆன நேரம் ஆறரை மணி. போட்டுப் பாருங்கள், இம்மி பிசகாது. தான் நடந்த நடைக்குத் தானே சூத்திரம் செய்தால் எப்படிப் பிசகும் என்று கேட்பது அசூயை.

இறக்கத்துக்கு நெய்ஸ்மித் தனியே நேரம் ஒதுக்கினாரோ எனின், ஒதுக்கிலர். இதனால் இறக்கத்தை மறப்பது தமிழர்க்கே உரிய குணம் என்பாரின் கூற்று அடிபட்டுப் போகிறது. பின்னால் வந்த எரிக் லாங்மியூர் இந்தக் குறையைக் கண்டு திருத்தம் செய்தார். 5 பாகை முதல் 12 பாகை வரையுள்ள சரிவில் 300 மீட்டர் இறங்கினால் 10 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 12 பாகைக்கு மேல் போனால் அதே 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். அதாவது சாய்வு கொஞ்சம் என்றால் லாபம், அதிகமானால் நஷ்டம். 1993-ல் வால்டோ டோப்ளர் என்ற புவியியல் அறிஞர் ஒரு படி மேலே போய், மனிதன் மிக வேகமாக நடப்பது ஏறக்குறைய 3 பாகை இறக்கத்தில்தான், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றார். வெள்ளியங்கிரியில் 3 பாகை இறக்கம் தேடினால் பூண்டியில் வண்டி நிறுத்தும் இடத்தில் கிடைக்கலாம்.

இவர்கள் கணக்குப்படி நம் மலையில் ஏற மூன்றேகால் மணி நேரம். லாங்மியூரின் அபராதத்தையும் சேர்த்து இறங்க இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கால் நடுங்க நான்கு மணி நேரமாக இறங்கி வந்து அடிவாரத் திண்ணையில் சாய்ந்து கிடப்பவர்களை இந்தச் சூத்திரங்களோடு பொருத்திப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

இனி உள்ளூர்ச் சான்றுகள். திட்டத்தின் கருவறை வாட்ஸ்அப் குழு. ‘இந்த வாட்டி கண்டிப்பா’ என்று பெயர் வைத்து ஒருவர் குழுவைத் தொடங்குவார். சேர்பவர்களுக்கு ஒரு வேன் போதாது. கிளம்பும் நாளில் ஒரு காரே தாராளமாக இருக்கும். இடைப்பட்ட வாரங்களில் விவாதிக்கப்படுபவை: இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலை உச்சியில் பார்க்கலாமா, வெறுங்காலா செருப்பா, புளிசாதமா எலுமிச்சை சாதமா, குளுக்கோஸ் யார் வாங்குவது, டார்ச் யார் வீட்டில் இருக்கிறது. புளிசாதம் பற்றி மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் வரும். இறங்குவது பற்றி ஒரே ஒரு செய்தி உண்டு. ‘காலைல சாமி கும்பிட்டுட்டு அப்படியே எறங்கிரலாம்.’

இந்த ‘அப்படியே’ என்னும் சொல்லுக்குள் நாலாயிரம் அடி அடங்கிக் கிடக்கிறது. இதற்கு உரை எழுத வந்தவர் எவரும் இல்லை.

மலையில் கால் வைத்த பிறகாவது தெளிவு வருமோ எனின், வராது. அதைத் தடுக்க ஒரு பெரிய படையே எதிரே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. முதல் மலை நெட்டுக்குத்தான கற்படி. வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள்ளேயே பாதிப் பேருக்கு நாக்கு தள்ளிவிடும். அப்போது எதிரே வருபவரிடம் கேட்பார்கள்:

“இன்னும் எவ்வளவு தூரம் சாமி?”

“பக்கத்துலதானுங்க சாமி. இதா, அந்த வளைவு தாண்டுனா வந்துருச்சுங்க.”

கைதட்டிச் சுனையில் கேட்டாலும் இதே பதில், ஆண்டிச் சுனையில் கேட்டாலும் இதே பதில். உலகத்தில் மாறாத அளவைகள் சில உண்டு; ‘பக்கத்துலதான்’ அவற்றுள் ஒன்று. இதைப் பொய் என்று தள்ளுவது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. சொல்பவரின் முகத்தைக் கவனித்தால் உண்மை விளங்கும். அவருக்குத் தூரம் நினைவில் இல்லை. அவருடைய மனம் முழுக்க அடுத்த கல்லில் எந்தக் காலை வைப்பது என்பதிலேயே நிற்கிறது. பக்கவாட்டில் திரும்பி, தடியை முன்னால் ஊன்றி, நண்டு நடை நடந்து வருகிறார். சிலர் முழுசாகவே திரும்பிக்கொண்டு, மலைக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகப் படி இறங்குகிறார்கள். அவர்களைப் பக்தியின் மிகுதி என்று எண்ணி, ஏறுகிறவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இறக்கம் எளிது என்னும் மயக்கத்துக்கு உடற்கூற்றில் ஒரு காரணம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு உடனே வாங்கும், நெஞ்சு படபடக்கும். புகார் அப்போதைக்கு அப்போது பதிவாகிவிடும். இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கி, உடம்பு சரியாமல் பிடித்து நிறுத்த வேண்டும். இந்த வேலைக்குச் செலவாகும் பிராணவாயு குறைவு. ஆகவே மூச்சு வாங்காது. ‘எறங்கறது ஈஸிடா’ என்று பாட்டுப் போட்டுக்கொண்டே வரலாம். உள்ளே தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்துகொண்டிருப்பது தெரியாது. அந்த வலி உச்சத்துக்கு வருவது 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள். ஏற்றத்தின் கடனை நெஞ்சு அன்றைக்கே கட்டிவிடுகிறது. இறக்கத்தின் கடனைத் தொடை செவ்வாய்க்கிழமை கட்டுகிறது.

ஆக, ‘ஒரு நாள் பயணம்’ என்று குழுவில் எழுதியது கணக்குப் பிழை. ஞாயிறு மலை, திங்கள் விடுப்பு, செவ்வாய் அலுவலகப் படிக்கட்டு. மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தால் வெள்ளியங்கிரி போய் வந்தவர் என்று அறிக. வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ளவர்களின் நிலையை இங்கே விவரிப்பது ஆய்வு மரபுக்கு ஒவ்வாது. குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கருவிகளுள் மூங்கில் தடி ஒன்றுக்கே மதிப்பு உண்டு. அடிவாரத்தில் விற்கும் தடியை ஏறும்போது பலர் தோளில் சாத்திக்கொண்டு போவார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பதற்காக. ஆறாம் மலையில் சுனைநீரில் முங்கி எழுந்து, குளிரில் பல் தந்தியடிக்க ஏழாம் மலை ஏறித் தரிசனம் முடித்து, முதல் பத்துப் படி இறங்கியதும் தடி தானாகத் தோளிலிருந்து கைக்கு வரும். மாலைக்குள் அதன் நுனி நாராகப் பிரிந்து தூரிகை போல் ஆகியிருக்கும். ‘இளவட்டத்துக்கு எதுக்குத் தடி’ என்று வாங்காமல் வந்தவர், அடுத்தவர் தடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வருவார்.

மேலும் திட்டத்தில் இல்லாதவை: தண்ணீர் உச்சியிலேயே தீர்ந்துவிடும். இரவெல்லாம் எரிந்த டார்ச்சில் சார்ஜ் இருக்காது. ஏப்ரல், மே பிற்பகலில் கோடை மழை இடியோடு வந்தால் பாறை வழுக்கும். நெஞ்சு நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லியும் ஏறி, மலையிலேயே உயிரைவிட்டவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களை டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். இந்த ஓரிடத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை.

இவ்வளவு தேடியும், இறக்கத்தைக் கருத்தில் கொண்டு போடப்பட்ட திட்டம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதைப் போட்டவர்கள் வனத்துறையினர். அடிவாரத்தில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி, டெபாசிட் வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டிலோடு இறங்கி வந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். நெய்ஸ்மித்துக்குத் தோன்றாத ஒன்று இது. மலைக்குப் போனவன் கீழே வந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே கருதி, அதற்கு ரசீது போல ஒன்றையும் ஒட்டிவிடுகிறார்கள். நிற்கக் கால் இல்லாதவர்கள்கூட அந்த வரிசையில் நிற்கிறார்கள். அங்கே நடக்கும் வழக்குகளில் ஒன்று இப்படிப் போகும்:

“ஸ்டிக்கர் எங்கீங்க?”

“மழையில நனைஞ்சு உரிஞ்சு போச்சுங்க. ஆனா பாட்டில் அதே பாட்டில்தானுங்க.”

“ஸ்டிக்கர் இல்லாம எப்படிங்க தர்றது?”

“மேல அஞ்சாவது மலைலதாங்க உழுந்திருக்கும்.”

பின்னால் தடியூன்றி நிற்பவருக்குப் பொறுமை போய்விடும்.

“அப்ப போய் எடுத்துட்டு வாங்க சாமி. நாங்க வாங்கிக்கறோம்.”