இந்த ஊர் ஐந்தெழுத்து

ஜாக்சன் ஹைட்ஸ்,
நியூயார்க்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடும்ப வாட்ஸப்பில் தங்கச்சி தினமும் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கட்டம் கட்டமாக அனுப்புகிறாளே, ஏதாவது நவக்கிரகப் பரிகாரமா என்று கேட்டிருந்தீர்கள். பெரியம்மா அந்தக் கட்டங்களுக்கு நாள் தவறாமல் கும்பிடு போடுவதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

உங்களுக்கு ஐந்தெழுத்து என்றால் நமசிவாய. இந்த ஊர்க்காரர்களுக்கு ஐந்தெழுத்து என்றால் வேர்டில். ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே கிடையாது என்றால் கறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். அதிலும் உலகம் முழுவதற்கும் ஒரே சொல்.

வேல்ஸிலிருந்து வந்து புரூக்ளினில் இருந்த ஜோஷ் வார்டில் என்ற கணினிக்காரர், தன் துணைவி பாலக் ஷாவுக்குப் பொழுது போகச் செய்துகொடுத்தது இது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டாம். அந்தப் பெண் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, யாருக்கும் தெரியாத சொற்களையெல்லாம் பொறுக்கி எறிந்து சுமார் 2,500 சொற்களை மிச்சம் வைத்தார். 2021 நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது.

இந்த ஊரில் யாரிடமும் சம்பளம் கேட்கக் கூடாது, வயது கேட்கக் கூடாது, குழந்தை ஏன் இல்லை என்று வாயே திறக்கக் கூடாது. ஆனால் லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம் ‘இன்றைக்கு எத்தனை?’ என்று கேட்கலாம். மூன்று என்றால் ஊருக்கே கேட்கும்படி சொல்வார்கள். நாலு என்றால் கௌரவமான பதில். ஆறு என்றால் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். எங்கள் மேலாளர் ஒருநாள் காலைக் கூட்டத்துக்கு எழவு வீட்டு முகத்தோடு வந்தார். ஆள் குறைப்பு அறிவிப்புதான் வருகிறது என்று பாதிப் பேர் பயந்துபோனோம். கடைசி நாலு எழுத்தும் பச்சையாகிவிட்டதாம், ‘ஐட்’ என்று. முன்னால் ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி. லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், ஃபைட்... இருந்த வாய்ப்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்திருக்கிறார். அந்தப் பாக்கி முதலெழுத்துகளில் மூன்று நாலைத் திணித்து வேறு ஏதாவது ஒரு சொல்லைப் போட்டிருந்தால் ஒரே அடியில் தெரிந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை வேண்டுமே, யாரும் சொல்லவில்லை.

உங்களை நினைத்துக்கொண்ட நாளும் உண்டு. 2022 தொடக்கத்தில் ‘ஹியூமர்’ விடையாக வந்தது, அமெரிக்க வழக்கப்படி ‘ஓ’வை அடுத்து வரும் ‘யூ’வை விழுங்கிவிட்டு. லண்டன்காரர்கள் கொதித்துப்போனார்கள். ‘கலர்’ எழுதும்போது அந்த யூவை விட்டதற்காக ஸ்கேலை நெட்டுக்குத்தாகத் திருப்பி எங்கள் விரல் முட்டியைப் பதம் பார்த்தவர் நீங்கள். வெள்ளைக்காரனுக்காகப் பெரியப்பா உள்ளம் வெதும்பியிருக்கக்கூடிய ஒரே நாள் அதுதான்.

இதெல்லாம் சின்ன வியாதி. பெரிய வியாதி பிறந்ததே எங்கள் பேட்டையில். 1930களில் ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக்கலைஞரும் வேலையிழந்து இங்கே குடியிருந்தார். சும்மா இருக்கும் கை என்ன செய்யும்? பத்திரிகைகளின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியிருக்கிறார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் ஸ்க்ராபிள். அடிக்கடி வரும் ‘ஈ’க்கு ஒரு மதிப்பெண், எப்போதாவது தலைகாட்டும் ‘க்யூ’வுக்குப் பத்து. அவர் ஆடிப் பார்த்த தேவாலயம் இருக்கும் 35ஆம் அவென்யூ முனையில், தெருப் பலகையிலேயே ஒவ்வோர் எழுத்துக்குக் கீழும் அதன் மதிப்பெண்ணைப் பொடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். தெருவுக்கே மார்க் போடும் ஊர் இது. நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு சமாசாரம் உங்களுக்கு ஜீரணமாகாது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு நியூசிலாந்துக்காரர். 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிளில் உலகப் பட்டம் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்களில் சொற்பட்டியலை அப்படியே நெட்டுருப் போட்டுவிட்டார். 2024இல் ஸ்பானிஷிலும் அதே கதை. சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா, வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்று ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தோடு எங்களைத் துரத்தினீர்களே பெரியப்பா, அர்த்தம் இவர்களுக்கு வெறும் சுமை. எங்கள் மாடி வீட்டு அம்மாள் ‘க்யூ’, ‘ஐ’ என்று இரண்டெழுத்தை வைத்துப் பதினொரு மதிப்பெண்ணை அள்ளுவார். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், “செல்லும்” என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

அந்த அம்மாளிடம்தான் இப்போது வம்பு. வேர்டிலில் புதுச் சொல் அந்தந்த ஊர் நள்ளிரவில் பிறக்கிறது. அதாவது கோடைக் கணக்கில் உங்கள் திருவாரூருக்கு எங்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால். இந்தியாவில் எனக்குப் பெரியப்பா இருக்கிறார், இங்கிலீஷ் வாத்தியார் என்று வாய்தவறிச் சொன்னதிலிருந்து ஒரே உபசாரம். போன வாரம் வாழைப்பழ கேக் வந்தது, நேற்று மருமகள் கையால் பின்னிய கம்பளித் தொப்பி. உங்களுக்கு என்ன அளவு கண்ணாடி, மெயில் பார்ப்பீர்களா, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார். நம்பர் மட்டும் நான் கொடுக்கவில்லை. தங்கச்சியிடம் கேட்டு வாங்கி அழைத்தாரென்றால், காது கேட்காது என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்