எண்பதைத் தாண்டினால் எச்சரிக்கை

1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். அட்டை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும், அந்த 80 மட்டும் லினக்ஸ் கெர்னல் நிரலின் வரி நீளத்துக்குச் சட்டமாக உட்கார்ந்திருந்தது. வரி ஓர் எழுத்து நீண்டாலும் ‘செக்பேட்ச்’ என்ற பெர்ல் சரிபார்ப்பு நிரல் முணுமுணுக்கும். அதற்குப் பயந்து, நன்றாக இருந்த வரியை இடுப்பில் ஒடித்துப் போட்டவர்கள் ஏராளம். படிக்க முடியாவிட்டால் என்ன, எந்திரம் திட்டவில்லையே! 2020இல் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகிப் பேசிய பிறகுதான் செக்பேட்ச் 100 வரை பொறுத்துக்கொள்ளப் பழகியது.

பைத்தான் நிரலைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் ‘பிளாக்’ இன்னும் கறார். வரிக்கு எத்தனை எழுத்து என்றால் மொழியின் நடைக்கையேடு 79 என்கிறது; பிளாக் 88 என்கிறது. விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதையே விளம்பரமாகப் போட்டுக்கொண்ட கருவியிடம் யார் போய்ப் பேரம் பேசுவது? வரியை உள்தள்ள டேப்பா இடைவெளியா என்ற சண்டையில், கோ மொழிக்காரர்களுக்கு அதன் ஒழுங்குபடுத்தும் கருவியான ‘கோஃபம்ட்’ டேப் என்று தீர்ப்பெழுதிவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

சரி, இடைவெளிச் சண்டை ஒழிந்தது, இனி நிரலாளர்கள் நிரலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர்கள் இப்போது சரிபார்ப்புக் கருவியின் அமைப்புக் கோப்பில் எந்த விதியை அணைக்கலாம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.