பச்சை வந்துடுச்சாண்ணே?

அசைன்மென்டில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் சிட்னியில் எங்களோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் தம்பிக்கு அப்புறம். முதலில் பர்சென்ட். காப்பியைப் பிடிக்கும் டர்னிட்டினில் எவ்வளவு காட்டுது? சீனியர் கொடுத்த போன வருடத்து அசைன்மென்டை அப்படியே ஏற்றினால் சிவப்பு, 75-க்கு மேல். நாலு வார்த்தையை மாற்றினால் ஆரஞ்சு. பத்திகளை இடம் மாற்றினால் மஞ்சள். 24-க்கு இறங்கினால் பச்சை. பச்சையைக் கண்டுவிட்டால் பழநிப் படி ஏறி முடித்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு. அந்த உழைப்பில் பாதி போதும், பாடத்தையே படித்திருக்கலாம்.

மூன்று முறை திருத்தி ஏற்றும்வரை ரிப்போர்ட் சீக்கிரம் வந்துவிடும். அதற்குமேல் ஏற்றினால் 24 மணி நேரம் காக்க வேண்டும். கெடுவோ இரவு 11.59. மூன்றும் தீர்ந்ததும் வெண்ட்வொர்த்வில் வீட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவான். "அண்ணே, உங்க ஐடில ஒருதடவை ஏத்திப் பாத்துக்கட்டுமா?"

"ஏத்தினா அது என் பேர்ல சேமிப்புல தங்கிடும்டா. அப்புறம் நீ ஏத்தினா என்னைப் பாத்து எழுதினதா காட்டும்."

கேட்கவில்லை. பக்கத்து அறைப் பையனின் ஐடியில் ஏற்றிப் பார்த்தான். பச்சை. பிறகு தன்னுடையதில் ஏற்றினான், ரத்தச் சிவப்பு. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "சத்தியமா அவன் என்னோடத காப்பி அடிச்சிட்டான் சார்" என்று கண்கலங்கினானாம். சீனியர் எழுதியதற்கு இவ்வளவு சொந்தம் கொண்டாட முடியுமென்று எனக்குத் தெரியாது.

சட்டம் மட்டும் அத்துப்படி. 2014-ல் சிட்னி மார்னிங் ஹெரால்டு அம்பலப்படுத்திய 'மைமாஸ்டர்' கதையைச் சொல்வான்: காசுக்கு எழுதிக்கொடுத்த சீன மொழித் தளம், ஓர் அசைன்மென்டுக்கு 1,000 டாலர் வரை, 16 பல்கலைக்கழகங்களில் ஆயிரம் மாணவர்கள் வரை. "2020-ல சட்டமே வந்துடுச்சுண்ணே. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா எழுதிக் குடுக்குறவனுக்குத்தான், நமக்கில்ல." பல்கலைக்கழகம் வெளியே அனுப்பினால் விசாவும் பின்னாலேயே போகும் என்பது மட்டும் அந்தச் சட்டப் புலமையில் வராது.

பாவம்தான். ராத்திரி க்ளீனிங் வேலை, பகலில் வகுப்பு, ஊரில் கல்விக்கடன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் மட்டன் குழம்பு அவன் கையால்தான். ஆனால் குரூப் அசைன்மென்டில் அவன் பங்கு கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தது. பார்க்க நேரமில்லாமல் சேர்த்தோம். மார்க் போனது நாலு பேருக்கும். இதைக் குழம்பு ஈடுகட்டாது.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. போன வாரம் அதில் எழுதி ஏற்றினான். யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை, பூஜ்யம், நீலம். தம்பிக்குக் கை நடுங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுவார்களாம். 11.40-க்கு என் கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, உங்க பழைய எஸ்ஸே ஏதாவது இருக்கா? ரெண்டு பத்தி மட்டும். பச்சைக்குக் கொண்டுவரணும்."