தம்பி, நீ கோல்ஃப் எழுது!

வா தம்பி, உட்கார். பினாங்கில் தமிழ்ப் பத்திரிகைக்கு விளையாட்டு நிருபராக வந்திருக்கிறாய். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். ஏப்ரல் தொடங்கி ஆகஸ்டு வரை உனக்கு இரண்டே வேலை: அமெரிக்க கோல்ஃப், அமெரிக்க பேஸ்பால். நம் வாசகரில் முக்கால்வாசிப் பேர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. பேஸ்பால் மட்டையை சினிமாவில் அடியாள் கையில்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ரொம்ப முக்கியம் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

முதல் பாடம், நேரம். அந்த மாதங்களில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். ஞாயிறு மாலை அகஸ்டா கோல்ஃப் திடலில் ஒரு சீமான் கடைசிக் குழியில் பந்தைத் தள்ளும்போது இங்கே திங்கள் விடிந்துவிடும். அன்றைய பேப்பர் அதற்குள் அச்சாகி, கட்டுப் பிரிந்து, ரொட்டி சானாய் கடை மேசைக்குப் போயிருக்கும். ஆகவே ஞாயிறு ஜெயித்தவரைச் செவ்வாய்க்கிழமை ஜெயிக்க வைப்போம். ‘பரபரப்பான ஆட்டத்தில்’ என்று தொடங்கு. வாசகருக்கு விவரம் தெரிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். அது அவர் பாடு.

பேஸ்பால் இன்னும் சௌகரியம். 30 அணி, அணிக்கு 162 ஆட்டம், ஆகமொத்தம் 2,430. பக்கத்தில் எத்தனை அங்குலம் காலியாக இருந்தாலும் அள்ளிப் போட்டு நிரப்பலாம். நடுவே ஏதாவது தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்புவார். நாலு பிள்ளைகள், கையில் பிளாஸ்டிக் கோப்பை, பின்னால் ஆசிரியர்களின் கார்கள். பள்ளிக்குத் திடல் இல்லை. பிள்ளைகள் ஓடிப் பழகியதே அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான். “இடமில்லை சார், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லப் பழகிக்கொள். குரலில் கொஞ்சம் வருத்தமும் சேர்த்துக்கொள்.

கோல்ஃபில் தமிழன் இல்லையா என்று கேட்காதே. எம். ராமையா, பி. குணசேகரன் எல்லாம் மலேசியாவின் பெயரில் ஆசியச் சுற்றில் ஆடியவர்கள்தான். ஆனால் அவர்களைப் பற்றி வெளிநாட்டு ஏஜென்சி இன்று செய்தி அனுப்புவதில்லை. ஏஜென்சி அனுப்பாதது நடக்கவே இல்லை என்பது நம் தொழில் தர்மம்.

இரண்டாம் பாடம், மரியாதை. வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறவன் காலில் விழு. வேண்டும் என்று கைகூப்பி நிற்பவரை வாசலிலேயே நிறுத்து. இந்த உயர்ந்த பண்பை அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்திடம்தான் கற்க வேண்டும். பாடம் நடத்த அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் ஊர்ப் பெண், ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்.

2005 ஜூலையில், பக்கத்து சிங்கப்பூரில் கூடி, பேஸ்பாலையும் சாஃப்ட்பாலையும் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றினார்கள். அதுவரை அமெரிக்க பேஸ்பால் லீக் முதலாளிகள் ஒலிம்பிக்குக்காகத் தங்கள் சீசனை நிறுத்தியதில்லை, நட்சத்திரங்களும் வந்ததில்லை. காலியான இரண்டு இடத்துக்கு ஸ்குவாஷும் கராத்தேயும் நின்றன. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. சரி, அந்த இடங்களை வேறு யாருக்குக் கொடுத்தார்கள்? யாருக்கும் இல்லை! லண்டன் 2012 போட்டி இரண்டு விளையாட்டு குறைந்து 26 விளையாட்டோடு நடந்தது. வெறும் நாற்காலிக்கு மாலை போட்டார்களே தவிர, ஸ்குவாஷை உட்கார விடவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நிக்கோல் முதல் உலகப் பட்டம் வென்றார். பிறகு இன்னும் ஏழு. 2006 ஆகஸ்டிலிருந்து தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் இடம். தைப்பூசத்தில் தண்ணீர்மலை ரதத்துக்கு 108 தேங்காய் உடைத்தாலே முருகன் திரும்பிப் பார்ப்பான் என்று நம்புகிற ஊர் இது. சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் ஒலிம்பிக் கனவான்கள் 108 மாதம் ஆகியும் திரும்பவில்லை.

திரும்பினார்கள், கோல்ஃப் பக்கம். 2009 அக்டோபரில் கோப்பன்ஹேகனில் 63க்கு 27 என்று கோல்ஃபுக்கு வாக்களித்து, 112 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ரியோ ஒலிம்பிக்குக்கு அழைத்தார்கள். அதற்காக மாரபெந்தி இயற்கைக் காப்பகத்தில் கைவைத்துப் புல்தரை போட்டார்கள். எல்லாம் தயார். மாப்பிள்ளைகளைத்தான் காணோம்! ரோரி மெக்கில்ராய், ஜேசன் டே, டஸ்டின் ஜான்சன், ஜோர்டன் ஸ்பீத் என்று வரிசையாக மன்னிப்புக் கடிதம். பெரும்பாலோர் சொன்ன காரணம், ஜிக்கா கொசு. ஏடிஸ் கொசுவோடு வருஷம் பூரா குடித்தனம் நடத்தி, டெங்கிப் பயத்திலேயே வேலைக்குப் போகும் பினாங்குக்காரன் இதைப் படித்துச் சிரிக்கவா, அழவா? மெக்கில்ராய் ஒருபடி மேலே போய், ஒலிம்பிக்கில் தடகளம், நீச்சல் போன்ற முக்கியமானவற்றைத்தான் பார்ப்பேன் என்கிற பொருளில் பேசினார். கோல்ஃப் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மனிதர் பொய் பேசவில்லை. இன்பீ பார்க் போன்ற பெண்கள் அதே கொசுவுக்கு நடுவில் வந்து ஆடிப் பதக்கம் வாங்கிப் போனார்கள்.

2013 கூத்து இன்னும் அருமை. பிப்ரவரியில் மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தார்கள். செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸில், காலியாகும் ‘புதிய’ இடத்துக்கு அதே மல்யுத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்கு: மல்யுத்தம் 49, பேஸ்பால்–சாஃப்ட்பால் 24, ஸ்குவாஷ் 22. வீட்டுக்காரனை வெளியே தள்ளி, அவனையே புது விருந்தாளி என்று உள்ளே அழைத்து, வாசலில் நிற்பவளிடம் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்கிற சாமர்த்தியம்! ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்காக என் உலகப் பட்டங்கள் அத்தனையையும் தரத் தயார் என்று சொன்ன பெண் நிக்கோல். அப்போது கையில் ஏழு பட்டம் இருந்தது. அந்தப் பேரத்தையும் எடுத்துக்கொள்ள ஆளில்லை. தோக்கியோவுக்கு பேஸ்பால் திரும்பியது. பாரிஸுக்கு பிரேக் டான்ஸ் வந்தது. 2019 ஜூனில் நிக்கோல் விளையாட்டை விட்டு விலகினார்.

2023 அக்டோபரில், மும்பையில், ஞானம் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2028க்கு ஸ்குவாஷ் உண்டு! கூடவே பேஸ்பாலும் உண்டு. அது இல்லாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது? ஸ்குவாஷுக்கு ஒதுக்கிய இடம் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம். அரங்கத்தின் பெயர் காம்காஸ்ட் ஸ்குவாஷ் சென்டர். காம்காஸ்ட், அந்த ஸ்டுடியோவுக்கும் அமெரிக்காவில் ஒலிம்பிக்கை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்கும் முதலாளி. ஆட்டத்தின் அருமை இத்தனை காலம் கழித்து யாருக்கு, எந்த இடத்தில் புரிந்திருக்கிறது, பார்த்தாயா?

கடைசிப் பாடத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். சுவிட்சர்லாந்துக்காரனைத் திட்டுவது சுலபம். அவன் காசு இருக்கும் பக்கம் கை தூக்கினான். நாம் என்ன செய்கிறோம்? தினம் ராத்திரி பக்கம் கட்டும்போது அதே பக்கம்தான் கை தூக்குகிறோம். பாலம் தாண்டி வடக்கே போனால் கெடா. அந்த மாநிலத்து ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் மண்டையோட்டிலும் கழுத்தெலும்பிலும் முறிவோடு படுத்தாள். மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியைச் சாய்த்துப் பட்டம். கெடாவின் வெயிலில் வளர்ந்த ஒரு தமிழ்ப்பெண் கழுத்து முறிந்து எழுந்து வந்து உலகத்தை அடிக்கிறாள். இதை எழுத எந்த ஏஜென்சியின் அனுமதி வேண்டும்?

புக்கிட் டும்பாரில் நிக்கோல் பெயரிலேயே ஒரு ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பத்து வயதுப் பிள்ளைகளின் பெயர்களில் எத்தனை உனக்குத் தெரியும்? எனக்கு எத்தனை தெரியும்? மாநில அளவில் தோற்றுப்போய் அழுத பெண்ணை, ஷூ வாங்கக் கடன் கேட்ட அப்பாவை, ஓவர்டைம் சம்பளம் வாங்காத பயிற்சியாளரை எழுதத் துப்பில்லாத பத்திரிகை, 2028இல் அவர்களில் ஒருத்தி பதக்கத்தோடு விமானம் விட்டு இறங்கும்போது ‘நம் மண்ணின் மகள்’ என்று முதல் பக்கத்தில் எட்டு காலத்துக்குத் தலைப்புப் போட வரிந்துகட்டிக்கொண்டு ஓடும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?