பீரோவுக்குள் ஒரு தவளை

எங்கள் வீட்டுப் புது பீரோவைத் திறந்தால் பள்ளிக்கூட விலங்கியல் ஆய்வகத்தின் வாடை வருகிறது. அங்கே கண்ணாடி ஜாடிக்குள் கைகாலை விரித்து மிதந்த தவளை ஊறியதும் இதே சரக்கில்தான். தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின், காற்றில் கிளம்பினால் ஃபார்மால்டிஹைடு.

"புதுசுன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் என் மனைவி. மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று 2018-இல் செய்தி வந்த நாளிலிருந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, மீன்காரம்மாவிடம் குறுக்கு விசாரணை நடத்தாமல் ஒரு வஞ்சிரத்துக்கும் காசு கொடுக்காதவள் அவள். பீரோவுக்குச் செவுள் இல்லாதது கடைக்காரரின் அதிர்ஷ்டம்.

இதை மரம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில், மரத்தூளையும் சில்லுகளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து, சூடுகாட்டி அழுத்திய ராட்சத அடை அது. மேலே தேக்கு மாதிரி வரி ஓடும் மைக்கா. வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட அந்தப் பசையிலிருந்து வாயு அதிகமாகக் கிளம்பும். இரண்டையும் இலவசமாக வழங்கும் ஊர் சென்னை. கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் முதல் சம்மன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்த அமைப்பு சொல்லும் வரம்பு.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? வெங்காயத்தை வெட்டி வை என்றார் சித்தப்பா. வைத்தோம், இப்போது தவளையோடு வெங்காயமும் சேர்ந்துகொண்டது. செடி வை, நாசாவே சொல்லியிருக்கிறது என்றார் மேல்மாடிக்காரர். நாசா 1989-இல் சொன்னது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனையை வைத்து. சாதாரணமாகக் காற்று வந்துபோவதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுவிட்டார்கள். அத்தனை தொட்டி வைத்தால் நாங்கள் வராந்தாவில்தான் படுக்க வேண்டும்.

மாமியார் சாம்பிராணி போட்டார். புகைவது எதுவானாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடைத் தரும் என்பதை அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. "அத்தை, ஜன்னலைத் திறந்து வச்சா போதும்" என்று மட்டும் சொன்னேன்.

"கொசு வருமே மாப்பிள்ளை?"

வந்தது. உடனே கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தினார். ஒரு சுருள் விடும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவுக்குப் போகலாம் என்கிறது 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜன்னல் வழியாக வெளியே அனுப்பியதைச் சுருள் வழியாகத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வலை அடித்த பிறகே இந்தப் போக்குவரத்து நின்றது. (ஸ்பிளிட் ஏசி உதவாது. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பக் கொடுக்கும் கருவி அது.)

ஆசாரியைக் கூப்பிட்டு, பீரோவின் முதுகையும், மைக்கா ஒட்டாமல் விட்ட வெட்டுமுனைகளையும் காட்டினேன். வாயு தாராளமாக வெளியேறும் வாசல்கள் அவை.

"அது சுவத்துப் பக்கம் சார், யார் பார்க்கப் போறாங்க?"

"மூக்கு பார்க்குதுப்பா."

முனைகளுக்குப் பட்டை ஒட்டி, முதுகுக்கும் மைக்கா போட்டுக் கொடுத்தார். துணி அடுக்காமல் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துபோட்டு, மின்விசிறியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவைத்தோம். மாதங்கள் போகப்போக வாயு தானாகவே குறையும். காசு கேட்காத வைத்தியம் அதுதான், ஆனால் பொறுமை கேட்கிறது.

இனிமேல் வாங்கப்போகிறவர்கள் கடைக்காரரிடம் "பலகை இ1 தரமா?" என்று கேளுங்கள். ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் பலகைக்கான ஐரோப்பியத் தர அளவு அது. "ஏ1 குவாலிட்டி சார்!" என்று பதில் வந்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.